ஒரு தாள் 80 லட்சம் பவுண்டு, இன்னொரு தாள் வெறும் நினைவுப் பொருள்: பாரசீகச் சிற்றோவியத்தின் விலை எப்படி முடிவாகிறது?

2022 அக்டோபரில் லண்டனில் நடந்த சாத்பீஸ் ஏலத்தில் ஒரே ஒரு தாள் 80 லட்சம் பவுண்டுக்கும் கூடுதலாக விலைபோனது. ருஸ்தம் என்ற வீரன் தன் குதிரை ரக்‌ஷை எதிரி மன்னனின் மந்தையிலிருந்து மீட்டு வரும் காட்சி அதில் வரையப்பட்டிருந்தது. ஈரானில் கிட்டத்தட்ட 500 ஆண்டுகளுக்கு முன் தீட்டிய ஓவியம் அது.

அதே ருஸ்தம், அதே குதிரை, அதே தங்க வானம் கொண்ட படங்கள் ஈரானின் இஸ்ஃபஹான் நகரக் கடைத்தெருவில் இன்றும் சுற்றுலாப் பயணிகளுக்கு விற்கப்படுகின்றன. தாள் பழுப்பேறி இருக்கும். சுற்றிலும் பாரசீக எழுத்து இருக்கும். ஓரத்தில் பூச்சி அரித்த ஓட்டைகூட இருக்கும். பழகாத கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

அப்படியானால் இதன் மதிப்பை யார், எதை வைத்துச் சொல்கிறார்கள்? ‘தாத்தா காலத்துப் படம் சார், எவ்வளவு போகும்?’ என்று ஒருவர் கொண்டுவந்து நீட்டினால், விவரம் தெரிந்த மதிப்பீட்டாளர் படத்தைக் கொஞ்ச நேரம்தான் பார்ப்பார். பிறகு தாளைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்ப்பார். ஏன் என்பதைப் புரிந்துகொண்டால் இந்தச் சந்தை இயங்கும் விதம் பாதி புரிந்துவிடும்.

மினியேச்சர் என்றால் சின்னப் படமா?

இல்லை. ‘மினியேச்சர்’ என்ற சொல்லுக்கும் அளவுக்கும் ஆரம்பத்தில் தொடர்பே கிடையாது. ஐரோப்பியக் கையெழுத்துப் பிரதிகளில் தலைப்பெழுத்துகளுக்குச் செந்தூரம் எனும் ஈயச் சிவப்பைத் தீட்டுவார்கள். லத்தீனில் அதற்கு ‘மினியம்’ என்று பெயர். அதிலிருந்துதான் மினியேச்சர் வந்தது. மேலே சொன்ன 80 லட்சம் பவுண்டு தாள்கூட ஏறக்குறைய 47 செ.மீ. உயரம், 32 செ.மீ. அகலம் கொண்டது. இன்றைய ஏ3 தாளைவிடப் பெரியது.

இதில் கவனிக்க வேண்டியது அளவை அல்ல. இவற்றில் பெரும்பாலானவை சுவரில் மாட்டுவதற்காக வரைந்தவை அல்ல, புத்தகத்தின் பக்கங்கள். ஃபிர்தௌசி 1010 வாக்கில் எழுதி முடித்த ‘ஷாநாமா’, 12ஆம் நூற்றாண்டுக் கவிஞர் நிஜாமியின் ஐந்து காவியங்கள், சாதியின் ‘புஸ்தான்’, ‘குலிஸ்தான்’ போன்ற நூல்களைக் கையால் எழுதி, இடையிடையே படம் தீட்டி, மன்னருக்கும் பிரபுக்களுக்கும் கொடுத்தார்கள். ஒரு பிரதிக்குப் பின்னால் எழுத்தர், ஓவியர், தங்க வேலைக்காரர், காகிதம் மெருகேற்றுபவர், கட்டுமானக்காரர் என்று ஒரு பட்டறையே வேலை பார்த்தது.

விதிவிலக்கும் உண்டு. 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து தனி மனிதர் ஒருவரை மட்டும் வரைந்த ஒற்றைத் தாள் ஓவியங்கள் பெருகின. 1635இல் மறைந்த ரிஸா அப்பாஸி இதில் பெரும் பெயர் எடுத்தவர். சேகரிப்பாளர்கள் அவற்றை ஆல்பங்களில் ஒட்டி வைத்துக்கொண்டார்கள்.

ஆகவே மதிப்பீட்டாளரின் முதல் கேள்வி ‘படம் அழகா?’ என்பதாக இருக்காது. ‘இது எந்தப் புத்தகத்தின், எந்த ஆல்பத்தின் பக்கம்?’ என்பதுதான்.

பின்பக்கத்தில் என்ன தேடுகிறார்கள்?

புத்தகத்தின் பக்கம் என்றால் அதற்கு ஒரு முன்பக்கமும் பின்பக்கமும் இருந்தாக வேண்டும். பின்பக்கத்தில் எழுத்து இருக்கிறதா? பத்தி எத்தனை, வரி எத்தனை? ஷாநாமா போன்ற காவியங்களை நான்கு பத்தியாகவோ ஆறு பத்தியாகவோ எழுதுவது வழக்கம். எழுத்தைச் சுற்றித் தங்கத்திலும் வண்ணத்திலும் கோடு போட்டிருப்பார்கள். பக்கத்தின் அடியில் அடுத்த தாளின் முதல் சொல்லைச் சின்னதாக எழுதி வைத்திருப்பார்கள். தாள்கள் வரிசை மாறாமல் இருக்கக் கட்டுமானக்காரருக்கு அதுதான் குறிப்பு.

எழுத்தின் அளவு, வரி எண்ணிக்கை, கோடுகளின் நிறம், தாளின் அளவு ஆகிய இவையெல்லாம் சேர்ந்தால் ஒரு கைரேகைபோல ஆகிவிடும். வேறு அருங்காட்சியகத்தில் இருக்கும் தாளோடு அது பொருந்தினால் இரண்டும் ஒரே பிரதியிலிருந்து பிரிந்தவை என்று சொல்ல முடியும். அப்படிச் சொல்ல முடிகிற கணத்தில் விலையே மாறுகிறது.

அடுத்தது, எழுத்தைப் படிப்பது. இதற்குப் பாரசீக மொழி தெரிந்தவர் வேண்டும். படத்துக்கு மேலும் கீழும் உள்ள அடிகள் அந்தக் காட்சியைத்தான் சொல்கின்றனவா? கடைத்தெருச் சரக்கு பெரும்பாலும் மாட்டிக்கொள்வது இங்கேதான். படத்தில் போலோ விளையாடிக்கொண்டிருப்பார்கள், எழுத்தோ இலக்கணப் பாடமாகவோ தொழுகை விதியாகவோ இருக்கும். பழைய, மலிவான புத்தகம் ஒன்றை வாங்கி, அதன் பக்கங்களின் மேல் புதிதாகப் படம் தீட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். தாள் நூறு வருடப் பழசு, எழுத்தும் பழசு. படம் மட்டும் போன வருடத்தது. சில நேரம் வண்ணத்துக்கு அடியில் பழைய வரிகள் ஓடுவது வெளிச்சத்தில் பிடித்தாலே தெரியும்.

எழுத்தின் பாணியும் காலத்தைச் சொல்லும். சரிந்து தொங்குவதுபோல ஓடும் நஸ்தாலிக் எழுத்து 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் உருப்பெற்றது. ‘13ஆம் நூற்றாண்டு ஓவியம்’ என்று சொல்லி நஸ்தாலிக்கில் எழுதிய தாளை ஒருவர் நீட்டினால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

தலைப்பாகை சொல்லும் தேதி

இப்போதுதான் படத்துக்கு வருகிறார்கள். அப்போதும் முதலில் பார்ப்பது அழகை அல்ல, உடையை.

1501இல் ஈரானில் ஆட்சிக்கு வந்தது சஃபாவி வம்சம். அவர்களின் ஆதரவாளர்கள் உயரமான சிவப்புக் குச்சி நீட்டிக்கொண்டிருக்கும் தொப்பியை அணிந்து, அதைச் சுற்றித் தலைப்பாகை கட்டினார்கள். ‘செந்தலையர்’ என்ற பொருளில் அவர்களுக்கு ‘கிஸில்பாஷ்’ என்று பெயரே வந்தது. இரண்டாம் மன்னர் ஷா தஹ்மாஸ்ப் 1576இல் இறந்தார். அதன் பிறகு அந்தக் குச்சி ஓவியங்களிலிருந்து மெல்ல மறைந்தது. எனவே அந்தத் தலைப்பாகை இருந்தால் படம் பெரும்பாலும் 16ஆம் நூற்றாண்டு. ‘15ஆம் நூற்றாண்டு’ என்று சொல்லி விற்கும் படத்தில் அது இருந்தால் எங்கோ இடிக்கிறது.

பாறைகளை எப்படி வரைந்திருக்கிறார்கள், முகம் வட்டமா நீளமா, வானம் தங்கமா நீலமா, அடிவானம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதெல்லாம் ஊரையும் காலத்தையும் காட்டும். தப்ரீஸ், ஷிராஸ், ஹெராத், கஸ்வின், இஸ்ஃபஹான் என ஒவ்வோர் ஊர்ப் பட்டறைக்கும் ஒரு கை உண்டு.

இங்கே பலருக்கும் ஏமாற்றம் தரும் ஒரு விஷயம் இருக்கிறது. பழசு என்பதாலேயே விலை ஏறிவிடாது. 16ஆம் நூற்றாண்டு ஷிராஸில் படம் போட்ட புத்தகங்கள் ஒரு தொழிலாகவே செய்யப்பட்டன. மன்னர் கேட்டுச் செய்தவை அல்ல, விற்பனைக்காகச் செய்தவை. அவையும் 400 ஆண்டு தாண்டியவைதான், அசல்தான். ஆனாலும் அரசவைப் பட்டறைத் தாளின் விலைக்குப் பக்கத்தில்கூட அவை வராது.

இந்திய வீடுகளில் ‘பாரசீக ஓவியம்’ என்று பாதுகாக்கப்படும் தாள்களில் இன்னொரு வகை உண்டு. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் காஷ்மீரப் பட்டறைகள் பாரசீக இலக்கியங்களைப் படங்களோடு ஏராளமாகப் பிரதி எடுத்தன. மொழி பாரசீகம், கதை பாரசீகம், தீட்டியது மட்டும் காஷ்மீரில். அது போலி அல்ல, வேறு மரபு. மதிப்பீட்டில் அது வேறு வரிசையில் நிற்கும்.

வண்ணம் பொய் சொல்லாது

பத்து மடங்கு பெருக்கும் லென்ஸ் ஒன்று போதும், பாதிச் சரக்கு வடிகட்டப்பட்டுவிடும். லென்ஸில் ஒழுங்கான சின்னச்சின்னப் புள்ளிகள் தெரிந்தால் அது அச்சடித்த படம். ஓவியமே அல்ல.

புள்ளி இல்லை, கையால் தீட்டியதுதான் என்றால் வண்ணங்களின் வயதைப் பார்க்க வேண்டும். அன்றைய ஓவியர்கள் பயன்படுத்தியவை பெரும்பாலும் கல்லும் உலோகமும்தான். நீலத்துக்கு ஆப்கானிஸ்தானின் பதக்‌ஷான் மலையில் கிடைக்கும் லாபிஸ் லாசுலிக் கல், சிவப்புக்குச் சாதிலிங்கம், மஞ்சளுக்கு அரிதாரம், வெள்ளைக்கு ஈய வெள்ளை, பச்சைக்குச் செம்பில் படியும் களிம்பு. இவற்றோடு தங்கத்தையும் வெள்ளியையும் தூளாக்கிப் பிசினில் குழைத்துத் தீட்டினார்கள்.

இவை ஒவ்வொன்றும் தனக்கென ஒரு விதத்தில் வயதாகின்றன.

* ஓடையும் குளமும் வெள்ளியால் தீட்டப்பட்டவை. வெள்ளி காற்றுப்பட்டுக் கறுத்துவிடும். அசல் பழைய தாளில் தண்ணீர் சாம்பலாகவோ கறுப்பாகவோ இருப்பதன் காரணம் இதுதான். ‘தண்ணி ஏன் கறுப்பா இருக்கு?’ என்று கேட்டு அதை வெளுக்க வைக்க முயல்வது பெரும் தவறு.
* செம்புக் களிம்புப் பச்சை தாளையே தின்னும். பச்சை தீட்டிய இடத்தில் தாள் பழுப்பாகி, நொறுங்கி, பின்பக்கத்தில் நிழல்போலத் தெரியும். இதைத் தடுக்கச் சில ஓவியர்கள் பச்சையில் குங்குமப்பூவைக் கலந்தார்கள்.
* ஈய வெள்ளை சில இடங்களில் கறுத்துப்போகும். வெள்ளை முகம் திட்டுத்திட்டாகக் கறுத்திருப்பது இதனால்தான்.

புதிதாகத் தீட்டிப் பழசாக்குபவர்கள் தேநீரிலும் புகையிலைத் தண்ணீரிலும் தாளை நனைப்பார்கள். தாள் முழுக்க ஒரே சீராகப் பழுப்பு ஏறும். உண்மையான பழுப்பு அப்படி வருவதில்லை. விரல் பட்ட கீழ் மூலை, காற்றுப்பட்ட ஓரம், தைத்த பக்கம் எல்லாம் வேறுவேறாகப் பழுப்பேறியிருக்கும்.

பூச்சி ஓட்டையும் சாட்சி சொல்லும். படத்தை வரைந்த பிறகு பூச்சி அரித்திருந்தால், வண்ணம், தாள் இரண்டையும் சேர்த்துத் துளைத்திருக்கும். ஓட்டையின் உள்விளிம்பில் வண்ணம் இறங்கியிருந்தால் கதை தலைகீழ். ஓட்டை விழுந்த பிறகுதான் படம் வந்திருக்கிறது.

ஆய்வகம் எப்போது தேவை?

கண்ணும் லென்ஸும் சந்தேகத்தைக் கிளப்பும். அதை உறுதிசெய்வது ஆய்வகத்தின் வேலை. ஊடுகதிர் ஒளிர்வு, ராமன் நிறமாலை போன்ற முறைகளில் ஓவியத்தைத் தொடாமலே எந்த நிறமி என்று கண்டறிய முடியும். தேடுவது பெரும்பாலும் ‘இருக்கக் கூடாத’ பொருளைத்தான். பிரஷ்யன் நீலம் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் உருவானது. செயற்கை அல்ட்ராமரின் 1820களில் வந்தது. டைட்டானியம் வெள்ளை 1920கள் வாக்கில்தான் ஓவியர்களின் கைக்கு வந்தது. 16ஆம் நூற்றாண்டு என்று சொல்லும் படத்தில் இவற்றில் ஒன்று இருந்தால் விளக்கம் கேட்க வேண்டியதுதான்.

1950களில் நடந்த ஒரு விவகாரம் இந்தத் துறையில் இன்றும் பேசப்படுகிறது. 11ஆம் நூற்றாண்டில் எழுதிப் படம் தீட்டியதாகச் சொல்லி, ‘அந்தர்ஸ்நாமா’ என்ற அறிவுரை நூலின் பிரதி ஒன்று சந்தைக்கு வந்தது. உண்மையாக இருந்திருந்தால் பாரசீக ஓவிய வரலாற்றையே திருப்பி எழுத வைத்திருக்கும். பெரிய அறிஞர்கள் சிலர் அதை அசல் என்று நம்பினார்கள். அமெரிக்காவின் சின்சினாட்டி கலை அருங்காட்சியகம் அதில் ஒரு பகுதியை வாங்கியது. ஈரானிய அறிஞர் மொஜ்தபா மினோவி அதன் மொழியையும் எழுத்தையும் வைத்தே இது போலி என்று வாதிட்டார். நிறமிச் சோதனையில் பிரஷ்யன் நீலம் வெளிப்பட்டது. 11ஆம் நூற்றாண்டுத் தாளில் 18ஆம் நூற்றாண்டு நீலம்!

ஆனால் ஆய்வக முடிவை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதிவிட முடியாது. அசல் படத்தில் பிற்காலத்தில் யாரோ ஒட்டுப்போட்டுத் தீட்டிய இடத்திலும் புதிய நிறமி கிடைக்கும். ரேடியோ கார்பன் சோதனை தாளின் வயதைச் சொல்லுமே தவிர, அதன் மேல் எப்போது வரைந்தார்கள் என்று சொல்லாது. பழைய வெற்றுத் தாள் கிடைத்தால் போலி செய்பவருக்கு அதுவே முதலீடு.

கையெழுத்து இருந்தால் விலை ஏறுமா?

சந்தேகம்தான் ஏறும். பாரசீக ஓவியத்தின் மிகப் பெரிய பெயர் கமாலுத்தீன் பிஹ்ஸாத். 15ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஹெராத்தில் கோலோச்சியவர். அந்தக் காலத்து ஓவியர்கள் பொதுவாகக் கையெழுத்திடுவதில்லை. இட்டாலும் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பிஹ்ஸாத் வரைந்தவை என்று அறிஞர்கள் பரவலாக ஏற்பவை, இன்று கெய்ரோவில் உள்ள 1488ஆம் ஆண்டு ‘புஸ்தான்’ பிரதியின் படங்கள். அவற்றில் அவர் பெயர் கட்டட வேலைப்பாட்டின் எழுத்துக்குள்ளும் அதுபோன்ற மூலைகளிலும் ஒளிந்திருக்கிறது.

அவர் காலத்துக்குப் பின் நூற்றுக்கணக்கான படங்களில் ‘பிஹ்ஸாத்’ என்ற பெயர் ஏறியது. சிலவற்றில் விற்பவர் எழுதினார். சிலவற்றில் உரிமையாளர், ‘இது அவர் கைதான்’ என்ற நம்பிக்கையில் எழுதினார். ஆகவே படத்தின் நடுவில் பளிச்சென்று ஒரு பெரிய பெயர் தெரிந்தால் மதிப்பீட்டாளர் மகிழ்வதில்லை. மை எந்த அடுக்கில் இருக்கிறது, வண்ணத்தின் வெடிப்புக்கு மேலா கீழா என்று பார்க்க ஆரம்பித்துவிடுவார்.

யார் கையிலிருந்து யார் கைக்கு?

அசல் என்று முடிவானாலும் வேலை முடியவில்லை. இந்தத் தாள் இவ்வளவு காலம் எங்கே இருந்தது? நூலக முத்திரை, பழைய உரிமையாளரின் குறிப்பு, ஏல நிறுவனத்தின் சீட்டு, கண்காட்சிப் பட்டியல், விற்பனை ரசீது என எது கிடைத்தாலும் மதிப்பு கூடும். கலைப்பொருள் கடத்தலுக்கு எதிரான யுனெஸ்கோ உடன்படிக்கை 1970இல் உருவானது. அந்த ஆண்டுக்கு முன்பே பொருள் தன் நாட்டை விட்டு வெளியே இருந்ததற்குச் சான்று உண்டா என்று பெரிய அருங்காட்சியகங்களும் ஏல நிறுவனங்களும் கேட்கின்றன.

சான்று இல்லாவிட்டால் என்ன ஆகும்? ஜெர்மனியில் வாழ்ந்த ஈரானியச் சேகரிப்பாளர் ஒருவர் 2007இல் இறந்த பிறகு அவரது சுவடிகள் திருடுபோயின. அவற்றில் ஒன்று 1460களில் எழுதிய, தங்க வேலைப்பாடு கொண்ட ஹாஃபிஸ் கவிதைத் தொகுப்பு. கலைப்பொருள் துப்பறிவாளர் ஆர்தர் பிராண்ட் பல நாடுகளில் தேடி அதை மீட்டார். குடும்பத்தாரிடம் திரும்பிய அந்தப் பிரதி 2020இல் லண்டன் ஏலத்தில் 5 லட்சம் பவுண்டுக்கு மேல் விலைபோனது. திருட்டுப்பொருளாக இருந்தவரை எந்த நேர்மையான ஏலத்திலும் அது வந்திருக்கவே முடியாது. புத்தகத்தில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. மாறியது அதன் உரிமைக் கதை மட்டும்தான்.

ஒரே படத்துக்கு இரண்டு விலையா?

ஆமாம், இருக்கலாம். மதிப்பீடு எதற்காக என்பதைப் பொறுத்தது. காப்பீட்டுக்கு என்றால், அது தொலைந்தால் அதற்கு இணையானதைக் கடையில் வாங்க ஆகும் விலையைக் கணக்கிடுவார்கள். அது அதிகமாக இருக்கும். பாகப் பிரிவினைக்கோ வரிக்கோ என்றால், விருப்பமுள்ள ஒருவர் விற்று, விவரம் தெரிந்த ஒருவர் வாங்கும் நியாயமான சந்தை விலை. இதற்கு அதே காலம், அதே பட்டறை, அதே தரத்தில் முன்பு ஏலம் போன தாள்களின் விலைகளைத் தேடி ஒப்பிடுவார்கள்.

ஒன்றைக் கவனமாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நல்ல மதிப்பீட்டாளர் தன் உழைப்புக்குக் கட்டணம் வாங்குவார். படத்தின் மதிப்பில் சதவீதம் கேட்க மாட்டார். அமெரிக்க மதிப்பீட்டு நெறிமுறைகள் இதை வெளிப்படையாகவே தடை செய்கின்றன. ‘மதிப்பும் நானே சொல்றேன், வாங்கவும் நானே வாங்கிக்கிறேன்’ என்று ஒருவர் சொன்னால், அந்த மதிப்பு யாருக்குச் சாதகமாக இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

தாளுக்கு விலை வந்ததும் புத்தகத்துக்கு என்ன ஆனது?

இந்த மதிப்பீட்டுக் கணக்குக்கு ஒரு கொடூரமான பக்கமும் உண்டு. படத்தை விரும்புகிறவர்கள் அதிகம். முழுப் புத்தகத்தை வாங்க வசதி உள்ளவர்கள் குறைவு. அதனால் தாள்களைத் தனித்தனியே விற்றால் வரும் மொத்தத் தொகை, புத்தகத்தின் விலையைவிட அதிகம். கத்தியை எடுக்க இந்தக் கூட்டல் கணக்கே போதுமாக இருந்தது.

1330களில் தப்ரீஸில் உருவானது ‘மாபெரும் மங்கோல் ஷாநாமா’. 1910 வாக்கில் அது பாரிஸ் வியாபாரி ஜார்ஜ் தெமோத்தின் கைக்கு வந்தது. முழுதாக விற்க முடியாமல்போகவே அதைப் பிரித்தார். சில தாள்களில் இரு பக்கமும் படம் இருந்தது. ஒரே தாளை இரண்டாக விற்பதற்காக முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் உரித்தெடுத்தார்கள். உரித்ததில் சில சேதமாயின. உரித்த படங்களைச் சம்பந்தமில்லாத எழுத்துப் பக்கங்களோடு சேர்த்து ஒட்டினார்கள். இன்று அதன் 57 படங்கள் வரை உலகெங்கும் சிதறிக் கிடக்கின்றன. எந்தப் படத்துக்குப் பின் எந்த எழுத்து இருந்தது என்று அறிஞர்கள் இன்னும் பொருத்திப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

தொடக்கத்தில் சொன்ன 80 லட்சம் பவுண்டு தாளின் கதையும் இதுதான். ஷா தஹ்மாஸ்புக்காகத் தப்ரீஸ் அரசவைப் பட்டறை செய்த ஷாநாமாவில் 759 தாள்கள், 258 ஓவியங்கள். 1568இல் ஒட்டோமான் சுல்தான் இரண்டாம் செலிமுக்கு அது பரிசாகப் போனது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸில் ரோத்ஷைல்டு குடும்பத்திடம் இருந்தது. அதுவரை முழுப் புத்தகமாகவே இருந்தது. 1959இல் அமெரிக்கச் சேகரிப்பாளர் ஆர்தர் ஹௌட்டன் வாங்கினார். பிறகு தாள்கள் பிரிந்தன. 78 ஓவியங்களை நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். 1976 முதல் சில தாள்கள் ஏலத்துக்கு வந்தன.

1990இல் அவர் இறந்தபோது 118 ஓவியங்கள், எழுத்துத் தாள்கள், அட்டை எல்லாம் மிச்சம் இருந்தன. 1994இல் வியன்னா விமான நிலையத்தில் ஒரு பண்டமாற்று நடந்தது. மீதிப் புத்தகம் ஈரானுக்குப் போனது. பதிலுக்கு ஈரான் கொடுத்தது, தெஹ்ரான் அருங்காட்சியகத்தில் இருந்த, 1979 புரட்சிக்குப் பின் காட்சிக்கு வைக்க முடியாமல்போன வில்லெம் டி கூனிங்கின் ‘பெண் 3’ என்ற ஓவியத்தை. இரண்டுக்கும் தலா 2 கோடி டாலர் என்று அப்போது மதிப்பிட்டார்கள். 12 ஆண்டு கழித்து, 2006இல், ‘பெண் 3’ 13 கோடியே 75 லட்சம் டாலருக்குக் கைமாறியது.

யாருக்கு லாபம்? பணக்கணக்கில் டி கூனிங் ஓவியத்தை வாங்கி விற்றவர்களுக்கு. ஆனால் 2011இல் அதே ஷாநாமாவின் ஒரு தாள் 74 லட்சம் பவுண்டுக்கும், 2022இல் இன்னொன்று 80 லட்சத்துக்கு மேலும் போயிருக்கின்றன. அந்த விலையில் 118 ஓவியத்தைப் பெருக்கிப் பார்க்கத் தோன்றும். அந்தப் பெருக்கலே இங்கே தவறு. தெஹ்ரானில் இருப்பவை இனி தாளாக விற்கப்படப் போவதில்லை. அதனால்தான் அவை இன்னும் ஒன்றாக இருக்கின்றன.

வீட்டில் இப்படி ஒரு தாள் இருந்தால் என்ன செய்வது?

1. சுத்தம் செய்யாதீர்கள். ஈரத்துணி, அழிப்பான் எதுவும் வேண்டாம். வண்ணம் பிசினில் குழைத்தது, தண்ணீர் பட்டால் கரையும்.
2. லேமினேட் செய்யக் கூடாது, செல்லோடேப் ஒட்டக் கூடாது. கிழிந்திருந்தாலும் அப்படியே ஒரு கவரில் தட்டையாக வையுங்கள்.
3. வெயிலும் டியூப்லைட்டும் நேரே படும் சுவரில் மாட்டாதீர்கள்.
4. இரண்டு பக்கமும் படம் எடுங்கள். சட்டத்தின் பின்னால் ஒட்டிய சீட்டு, பழைய கடிதம், ரசீது எதையும் எறியாதீர்கள்.
5. புத்தகமாக இருந்தால் ஒரு தாளைக்கூடப் பிரிக்காதீர்கள். ‘படத்தை மட்டும் குடுங்க’ என்று கேட்பவரிடம் விற்காதீர்கள்.

இந்தியாவில் இருப்பவர்களுக்குச் சட்டமும் ஒன்று உண்டு. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள், கலைப் பொக்கிஷங்கள் சட்டப்படி நூறு ஆண்டு தாண்டிய ஓவியமும், 75 ஆண்டு தாண்டிய, வரலாற்று அல்லது இலக்கிய மதிப்புள்ள கையெழுத்துப் பிரதியும் தொல்பொருள். படம் தீட்டிய பிரதிகளைத் தொல்லியல் துறையின் பதிவு அலுவலரிடம் பதிய வேண்டும். தனியார் அவற்றை வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்ல முடியாது. விற்பனைத் தொழில் செய்ய உரிமம் தேவை. விவரம் கேட்க வேண்டுமென்றால் பாட்னாவின் குதா பக்‌ஷ் நூலகம், ராம்பூர் ரஸா நூலகம், ஹைதராபாத் சாலார்ஜங் அருங்காட்சியகம் ஆகியவை பாரசீகப் பிரதிகளைப் பெருமளவில் பாதுகாக்கும் இடங்கள்.

சரி, பார்த்துப் பார்த்துக் கடைசியில் அது புதுப் படம் என்று தெரிந்தால்? வருத்தப்படத் தேவையில்லை. சிற்றோவியக் கலையை ஈரான், துருக்கி, அஜர்பைஜான், உஸ்பெகிஸ்தான் ஆகிய நான்கு நாடுகளின் பெயரில் 2020இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. இஸ்ஃபஹானில் இன்றும் கையால் தீட்டுபவர்கள் இருக்கிறார்கள். புதுப் படத்தைப் புதுசு என்று சொல்லி விற்பது கலை. தேநீரில் நனைத்துப் பழசு என்று விற்பதுதான் மோசடி.

பழசுதான், அசல்தான் என்று தெரிந்தால் அந்தத் தாளின் கூடப்பிறந்தவை எங்கே இருக்கின்றன என்று கேளுங்கள். மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் ஷா தஹ்மாஸ்ப் ஷாநாமாவின் 258 ஓவியங்களையும் ஒரே நூலாக அச்சிட்டது. தாள்கள் இனி ஒன்றுசேரப் போவதில்லை. அச்சிலாவது அவற்றை வரிசையாகப் பார்க்க முடிவது, ஒவ்வொரு தாளும் எந்த இடத்தைச் சேர்ந்தது என்று யாரோ பொறுமையாகக் குறித்து வைத்ததால்தான். விலையைச் சொல்லும் அதே மதிப்பீட்டறிக்கையில் அந்தக் குறிப்பும் இருக்க வேண்டும் என்று கேட்பது உரிமையாளரின் உரிமை.